எதிர்ப்பக்கத்திலிருந்து வரவில்லை

கொஞ்சம் நகந்துக்குறீங்களா சார்? பையை மேல வைக்க முடியாது, தேங்காய் இருக்கு. பஸ்ஸு திரும்புற திருப்புல உருண்டு யார் தலையிலயாவது விழுந்துரும். மடியிலயே வச்சுக்குறேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பை. இன்னிக்குக் காலையில சங்கரன்கோவில்ல முகூர்த்தம், முடிச்சுட்டு அப்படியே ஏறிட்டேன். மதுரை போய் அங்கேயிருந்து சென்னைக்கு ரயில். நீங்க ஸ்ரீவில்லிபுத்தூர். கண்டக்டர்கிட்ட டிக்கெட் எடுக்கும்போது காதுல விழுந்துச்சு.

பொண்ணுக்கு அப்பா என்கூட வேலை பாத்தவன். கோமதிநாயகம்னு பேரு. ஆபீஸ்ல நாயகம்னு கூப்பிடுவோம். நல்லா செஞ்சிருந்தான் கல்யாணத்தை. குறை சொல்ல ஒண்ணுமில்ல. எனக்கும் அவனுக்கும் ரெண்டரை வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல, அது வேற விஷயம். தப்பு என் பேர்ல இல்ல. அதை உங்களுக்குச் சொன்னா நீங்களே ஒத்துக்குவீங்க.

நான் டேட்டா சென்டர்ல இருக்கேன், அம்பத்தூர்ல. ஜன்னலே இல்லாத கட்டடம். உள்ள எப்பவும் மார்கழி மாசக் குளிரு. பீரோ பீரோவா வரிசையா நிக்கும், அதுக்குள்ள பூராம் கம்ப்யூட்டர். அதையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கோத்து விடுறதுக்குப் பேரு சுவிட்ச். வீட்டுல லைட்டு போடுற சுவிட்ச் இல்ல. இது தட்டையா நீளமா இருக்கும், மூஞ்சியில நாப்பத்தெட்டு ஓட்டை, ஓட்டைக்கு ஒரு கேபிள். எந்தக் கேபிள் எதோட பேசணும்னு சொல்றது என் வேலை. இருபத்திரண்டு வருஷமா அதைத்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். மனுஷங்ககிட்ட எனக்கு அவ்வளவாப் பேச்சு கிடையாது.

நாயகம் சர்வர் பக்கம். மூணாவது மாடி. நான் நெட்வொர்க், ரெண்டாவது மாடி. அவன் சுவிட்சும் என் சுவிட்சும் கேபிள்ல சந்திக்கும்.

முக்கியமான இடத்துல ஒரு கேபிள் போதாது சார். ரெண்டு போடுவோம். ஆனா சும்மா ரெண்டு போட்டா ஆகாது. இந்த ரெண்டையும் சேத்து ஒரே வழியா வச்சுக்குவோம்னு ரெண்டு சுவிட்சும் தங்களுக்குள்ள பேசி ஒத்துக்கணும். ஒத்துக்கிட்டா பாதி சுமை இதுல போகும், பாதி அதுல போகும். ஒண்ணு அறுந்தாக்கூட இன்னொண்ணு தாங்கிக்கும். அந்தப் பேச்சுக்கு நாமதான் சுவிட்சுல சொல்லி வைக்கணும். ஆக்டிவ்னு வச்சா, அது தானாப் போய் எதிர்ப்பக்கத்தைக் கேக்கும், 'சேந்துக்குவோமா'ன்னு. பாசிவ்னு வச்சா, தானாக் கேக்காது. எதிர்ப்பக்கம் கேட்டா மட்டும் 'சரி'ன்னு சொல்லும். ரொம்ப மரியாதையான செட்டிங்.

மூணாவது ஒண்ணு இருக்கு. அதுக்குப் பேரு ஆன். அது கேக்கவும் கேக்காது, பதிலும் சொல்லாது. எதிர்ப்பக்கம் ஒத்துக்கிட்டதா தானே முடிவு பண்ணிட்டு அனுப்ப ஆரம்பிச்சிரும். ரெண்டு பக்கமும் ஆன்ல இருந்தா ஓடும். ஒரு பக்கம் மட்டும் ஆன்ல இருந்தா… அதை அப்புறம் சொல்றேன்.

ஒன்பது வருஷமா அவன் பக்கம் ஆக்டிவ், என் பக்கம் பாசிவ். பேசி வச்சுக்கிட்டது இல்ல. முதல் தடவை அவன் அப்படி வச்சான், நான் இப்படி வச்சேன், அப்படியே பழகிருச்சு. ரெண்டு பக்கமும் ஆக்டிவ்ல வைக்கிறதுதான் நல்லதுன்னு புத்தகத்துல போட்டிருக்கான். போட்டுட்டுப் போறான். ஓடுறதைப் போய் எதுக்கு நோண்டணும்?

ஆளும் அப்படித்தான் சார். காலையில லிப்ட்ல பாத்தா அவன்தான் 'என்னல, சாப்ட்டியா?' அப்படீம்பான். சாப்ட்டேன்னு சொல்லுவேன். பதினோரு மணிக்கு அவன்தான் மாடி இறங்கி வந்து டீக்குக் கூப்பிடுவான். போவேன். நான் ஊருக்குப் போனா ராத்திரி அவன்தான் போன் போட்டு 'போய்ச் சேந்தியா'ம்பான். சேந்துட்டேன்னு சொல்லுவேன். எங்க அப்பா செத்தப்ப உசிலம்பட்டிக்கு முதல் ஆளா வந்து நின்னது அவன்தான். அவங்க அப்பா தவறுனப்ப எனக்கு முறையா யாரும் சொல்லலை. மூணாம் நாள் ஆபீஸ்ல பேசிக்கிட்டாங்க, அதுக்கப்புறம் போறது நல்லாருக்காதுன்னு விட்டுட்டேன். அவன் காரியம் முடிச்சு மொட்டைத் தலையோட வந்தான். லிப்ட்ல பாத்தான். 'சாப்ட்டியா'ன்னான். நல்ல மனுஷன். யார் கேட்டாலும் நான் அதைச் சொல்லுவேன்.

அப்புறம் ஊரப்பாக்கத்துல வீடு கட்டுனேன். கிரகப்பிரவேசத்துக்கு அவனும் வந்தான், பொண்டாட்டி, மகளோட. பெரிய சுவர்க் கடிகாரம் ஒண்ணைத் தூக்கிக்கிட்டு ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கான். நான் ஹோமத்துக்கு முன்னால உக்காந்திருக்கேன். ஐயர் மந்திரம் சொல்றாரு, கண்ணெல்லாம் புகை, கையில நெய்க் கரண்டி. அவன் வாசல்ல வந்து நின்னான். பாத்தேன். நான் பாத்ததை அவனும் பாத்தான். அந்த நேரத்துல எப்படி சார் வாயத் தொறந்து 'வாங்க'ன்னு சொல்றது?

அப்புறம் எந்திரிச்சேன். சமையக்காரர் வந்து இலை பத்தாதுன்னாரு. அதைப் பாத்தேன். பந்தியைப் பாத்தேன். மாமனார் வந்தாரு, அவரை உக்கார வச்சேன். அவன் என்ன விருந்தாளியா? உள்ள வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார வேண்டியதுதானே? அரை மணி நேரம் வாசல்லயே நின்னிருக்கான், மூணு பேரும். அப்புறம் கடிகாரத்தைச் சுவத்தோரமாச் சாத்தி வச்சுட்டு சாப்பிடாமப் போயிட்டான். சாயங்காலம் என் வீட்டுக்காரி செல்வராணி கேக்குறா, "வீடு தேடி வந்தவங்களை வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?" நான் என்ன சொல்ல மாட்டேன்னா சொன்னேன்? கை வேலையா இருந்தேன்.

கடிகாரம் ஹால்லதான் மாட்டிருக்கு. நல்லா ஓடுது.

திங்கக்கிழமை லிப்ட்ல வந்தான். சாப்ட்டியான்னு கேக்கலை. கேக்காததுக்கு நான் எப்படிப் பதில் சொல்றது? பதினோரு மணி ஆச்சு, யாரும் மாடி இறங்கி வரலை. பதினொன்றரை வரைக்கும் பாத்துட்டு நான் தனியாப் போய்க் குடிச்சுட்டு வந்தேன். அப்படியே பதினோரு மாசம் ஓடிருச்சு. நீங்களே சொல்லுங்க, பேச்சு எந்தப் பக்கம் நின்னுச்சு? என் பக்கம் நான் எப்பவும் போலத்தான் இருந்தேன்.

இப்பத்தான் அந்த ஞாயித்துக்கிழமை வருது.

ஒரு பால் கம்பெனி, பேரு வேண்டாம். அவங்க கம்ப்யூட்டரையெல்லாம் எங்க கட்டடத்துக்கு மாத்துறாங்க. சென்னை, திருவள்ளூர், அரக்கோணம் அந்தப் பக்கம் பூராம் அவங்க பால்தான். கடைக்காரங்க தினமும் சாயங்காலம் நாலு மணிக்குள்ள, நாளைக்கு எத்தனை பாக்கெட்டு வேணும்னு போன்ல தட்டி விடணும். தட்டுனாத்தான் விடிஞ்சா வண்டி வரும். தட்டலைன்னா வண்டி அந்தத் தெருவுக்கே திரும்பாது. அதனால பகல் பன்னெண்டுல இருந்து ரெண்டுக்குள்ள மாத்தி முடிக்கணும்னு எங்களுக்கு நேரம் குடுத்தாங்க.

புது சுவிட்ச், புது கேபிள். அவன் அவன் பக்கத்தைச் செஞ்சான், நான் என் பக்கத்தைச் செஞ்சேன். இந்த மாதிரி வேலைன்னா எல்லாரும் அவங்கவங்க இருக்குற இடத்துல இருந்தே போன்ல ஒரே லைன்ல இருப்போம். எங்க மேனேஜர் பத்மநாபன் சார் ஏதோ கல்யாணத்துல இருந்தாரு, நடுநடுவுல நாதஸ்வரம் கேக்கும். "நெட்வொர்க் ரெடியா?"ன்னாரு. ரெடி சார்னேன். "சர்வர் ரெடியா?"ன்னாரு. ரெடி சார்னு அவன் சொன்னான். ரெண்டு பேரும் ரெடி. கேபிள்ல இணைப்பு மட்டும் வரலை.

எனக்கு ரெண்டு நிமிஷத்துல தெரிஞ்சு போச்சு. அவன் பாசிவ்ல வச்சிருக்கான். ஒன்பது வருஷத்துல அதுதான் முதல் தடவை. என் பக்கமும் பாசிவ். ரெண்டும் மரியாதையா உக்காந்திருக்கு, எதிர்ப்பக்கம் கேக்கட்டும்னு.

நான் ஒரு வார்த்தையை மாத்துனாப் போதும், ஆக்டிவ்னு. முடிஞ்சிரும். ஆனா நான் எதுக்கு சார் மாத்தணும்? நான் எப்பவும் வைக்கிறதைத்தான் வச்சிருக்கேன். பழக்கத்தை மாத்துனவன் அவன். 'நாயகம், உன் பக்கம் கொஞ்சம் பாரு'ன்னு நான் லைன்லயே சொல்லிருக்கலாம். சொல்லிருக்கலாம், இல்லைங்கலை. 'தெய்வம், நீ மாத்துல'ன்னு அவனும்தான் சொல்லிருக்கலாம். என் பேரு தெய்வேந்திரன், அவன் மட்டும் தெய்வம்னு கூப்பிடுவான். இருபது நிமிஷம் லைன்ல ஒரு பேச்சு இல்ல. அவன் மூச்சு விடுறது எனக்குக் கேக்குது. நான் விடுறது அவனுக்குக் கேட்டிருக்கும்.

ரெண்டு மணி தாண்டிருச்சு. பத்மநாபன் சார் கத்துறாரு. ரெண்டு பத்துக்கு நான் என் பக்கத்தை ஆன்ல போட்டேன்.

பச்சை லைட்டு வந்துருச்சு. ரெண்டு கேபிளும் பச்சை. திருவள்ளூருக்கு சோதனையா ஒண்ணு தட்டிப் பாத்தேன், போகுது. "வந்துருச்சு சார்"னேன். "அப்பாடா"ன்னு சொல்லிட்டு அவர் பந்திக்குப் போனாரு. எப்படி வந்துச்சுன்னு நாயகம் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லிருப்பேன்.

விஷயம் என்னன்னா, என் பக்கம் சேந்தாச்சுன்னு நினைச்சுக்கிட்டு ரெண்டு கேபிள்லயும் அனுப்புது. அவன் பக்கம் யாரும் பேசாததால ஒரு கேபிளை மட்டும் எடுத்துக்கிட்டு இன்னொண்ணை ஒதுக்கி வச்சிருக்கு. ஒதுக்கி வச்ச கேபிள்ல போறதெல்லாம் எங்கயும் போகலை. காத்தோட போகுது. திருவள்ளூருக்கு வரும், திருத்தணிக்கு வராது. ஆவடியில ஒரு கடைக்கு வரும், எதுத்த கடைக்காரர் போன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருக்கும். என் பக்கம் பாத்தா எல்லாம் பச்சை. அதனாலதான் நான் தூங்கப் போனேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டா தூக்கம் வரத்தானே செய்யும்.

அஞ்சு மணிக்கு போன் மேல போன். பாதிக் கடைக்காரங்க தட்ட முடியலை, நாலு மணி தாண்டியாச்சு. நாயகம் அஞ்சே காலுக்கு அவன் சுவிட்சை அணைச்சுப் போட்டுப் பாத்தான். பாவம், அவனும் என்ன பண்ணுவான்? அஞ்சு இருபதுக்கு நான் என் பக்கத்தை ஆக்டிவ்னு மாத்துனேன். அஞ்சே செகண்டுல ரெண்டும் சேந்துருச்சு. எல்லாருக்கும் என்ன தெரிஞ்சதுன்னா, நாயகம் சுவிட்சை அணைச்சுப் போட்டான், சரியாப் போச்சு. அப்ப கோளாறு அந்த சுவிட்சுலதான் இருந்திருக்குன்னு. அப்படின்னு நான் சொல்லலை. அவங்களாவே நினைச்சுக்கிட்டாங்க.

மறுநாள் விடிஞ்சப்ப பாதி ஊருக்குப் பால் வண்டி வரலை. ஒரு ஆஸ்பத்திரி கேன்டீன்ல குழந்தைங்க வார்டுக்குப் பால் இல்லைன்னு டிவியில காட்டுனாங்க. செல்வராணி காப்பித் தம்ளரைக் கையில வச்சுக்கிட்டு பாத்தா. "உங்க ஆபீஸ்லயா?"ன்னா. ஆமான்னேன். "உங்களாலயா?"ன்னு அவ கேக்கலை.

செவ்வாய்க்கிழமை மீட்டிங். நான் அறிக்கை எழுதிக் குடுத்திருந்தேன், அரைப் பக்கம். 'இணைப்புக்கான பேச்சு எதிர்ப்பக்கத்திலிருந்து வரவில்லை.' அவ்வளவுதான். ஒரு எழுத்து பொய் இல்ல சார், யார் வேணா எடுத்துப் பாக்கலாம். வரலை, வரலைன்னு எழுதுனேன். பத்மநாபன் சார் அதைச் சத்தமாப் படிச்சாரு. பால் கம்பெனிக்காரங்க நாலு பேர் வந்து உக்காந்திருந்தாங்க. எல்லாரும் நாயகத்தைப் பாத்தாங்க.

சுவிட்சுல யாரு எதை மாத்துனாலும் ஒரு வரி விழும், லாக்னு சொல்லுவோம். ஆளு பேரு, மணி, எல்லாம் இருக்கும். ரெண்டு பத்துக்கு என் பேர்ல ஒரு வரி. அஞ்சு இருபதுக்கு என் பேர்ல ஒரு வரி. நாயகத்துக்கும் அதைப் பாக்க அனுமதி உண்டு. பாத்திருக்கான். பிரிண்ட் எடுத்துக் கையில வச்சிருந்தான், ஒத்தைத் தாளு. எனக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்தான். என்னையப் பாத்தான். நான் ஏசி எத்தனையில இருக்குன்னு பாத்தேன். "யாரும் ஏதாவது சொல்லணுமா?"ன்னு பத்மநாபன் சார் கேட்டாரு.

பொதுவாக் கேட்டாரு சார். என்னையப் பாத்துக் கேக்கலை. 'தெய்வேந்திரன், நீங்க ஏதாவது மாத்துனீங்களா?'ன்னு கேட்டிருந்தா அந்த இடத்துலயே சொல்லிருப்பேன்.

நாயகம் அந்தத் தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டான். ஏன் சொல்லலைன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. அவன் சொல்லிருக்கணும்ல? அவன் பிழைப்புதானே?

அவனைத் தூக்கிக் கீழ ஸ்டோர்ல போட்டாங்க. கேபிள் எண்ணுற வேலை. ரெண்டு மாசம் எண்ணுனான். அப்புறம் எழுதிக் குடுத்துட்டு சங்கரன்கோவிலுக்கே வந்துட்டான். கடைகளுக்குக் கேமரா மாட்டிக் குடுக்குறானாம் இப்ப. அவன் போனப்புறம் ரெண்டு பக்கமும் என்கிட்டயே குடுத்துட்டாங்க, சீனியர்னு போட்டு. என்னையக் கேக்காமத்தான் குடுத்தாங்க. இப்ப ரெண்டு பக்கமும் நானேதான். ரெண்டையும் ஆக்டிவ்ல வச்சுட்டேன். ஒரு பிரச்சனை கிடையாது.

ஆனா கஷ்டமா இருந்துச்சு சார். அதைச் சொல்லணும். பதினோரு மணி ஆனா கால் தானா எந்திரிக்குது. எந்திரிச்சு நின்னுக்கிட்டு, எதுக்கு எந்திரிச்சோம்னு ஒரு நிமிஷம் தெரிய மாட்டேங்குது. ஒன்றரை வருஷமா அப்படித்தான்.

போன மாசம் கொரியர்ல பத்திரிகை வந்துச்சு. மகள் சங்கரிக்குக் கல்யாணம். மூலையில மஞ்சள் தடவி, மேல 'தெய்வேந்திரன் குடும்பத்தார்'னு அவன் கையெழுத்து. நேர்ல வந்து வெத்தலை பாக்கு வச்சு அழைக்கலை, ஒரு போனும் பண்ணலை. நேர்ல அழைக்காத கல்யாணத்துக்கு எப்படிப் போறதுன்னு கேட்டேன். செல்வராணி ஒரே பேச்சா சொன்னா, "அவர் அனுப்பினதே பெருசு. ஒன்றரை வருஷமா உங்க மூஞ்சி மூஞ்சியாவே இல்ல. என்னன்னு நான் கேட்டா ஒண்ணுமில்லைம்பீங்க. போய் அவர்கிட்டயாவது பேசிட்டு வாங்க." பேசுறதுக்கு என்ன இருக்குன்னேன். அவன் என்ன கேக்குறானோ அதுக்குப் பதில் சொல்லிட்டு வரேன்னு கிளம்பி வந்துட்டேன்.

காலையில எட்டு மணிக்கு மண்டபத்துக்குப் போயிட்டேன். வாசல்ல சந்தனம், கல்கண்டு, பன்னீர் தெளிக்க ரெண்டு பொண்ணுங்க. கல்கண்டு எடுத்துக்கிட்டு அப்படியே ஓரமா நின்னேன். அவன் உள்ள மணவறை கிட்ட நிக்கிறது தெரியுது. நாமளாப் போனா நல்லாருக்காதுல்ல? அவன் பாக்கட்டும்னு நின்னேன். நாப்பது நிமிஷம். அந்தப் பொண்ணுங்க மூணு தடவை பன்னீர் தெளிச்சிருச்சுங்க. சட்டை நனைஞ்சு போச்சு.

அப்புறம் பாத்துட்டான் சார். அங்கேயிருந்தே கையைத் தூக்கிக்கிட்டு வாரான். பட்டு வேட்டி தடுக்குது, ஒரு கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வாரான். "ஏல தெய்வம்! வால, வால! ஏம்ல வாசல்லயே நிக்க? எம்புட்டு நேரமால நிக்க?" என் கையைப் பிடிச்சுக்கிட்டான். விடவே இல்ல. "சாப்ட்டியால?"ன்னான்.

என்னமோ ஆயிருச்சு எனக்கு. இல்லைன்னு தலையை மட்டும் ஆட்டுனேன்.

அவனே கூட்டிக்கிட்டுப் போய் உக்கார வச்சான். சம்பந்தி வீட்டுக்காரங்ககிட்ட, "என் சேக்காளி, சென்னையில பெரிய ஆபீசர்"னு சொன்னான். அவன் பொண்டாட்டி வந்து "வாங்கண்ணே"ன்னுச்சு, அப்புறம் என்னைய நிமிந்து பாக்கலை, இலையைத்தான் பாத்துச்சு. பால் பாயசம் எனக்குப் பிடிக்கும்னு அவனே வாளியை வாங்கி ரெண்டு தடவை ஊத்துனான். வீடு நல்லாருக்கா, கடிகாரம் ஓடுதா, செல்வராணிக்கு முட்டிவலி எப்படி இருக்கு, எல்லாம் கேட்டான். எல்லாத்துக்கும் சொன்னேன். அந்த ஞாயித்துக்கிழமையைப் பத்தி மட்டும் அவன் வாயைத் தொறக்கலை. அவனாக் கேப்பான், கேட்டதும் சொல்லிரலாம்னு முகூர்த்தம் முடியுற வரைக்கும் பக்கத்துலயே இருந்தேன். கேக்கலை. பைல தேங்காயைப் போட்டுக் குடுத்து, "பாத்துப் போல"ன்னு பஸ் ஏத்தி விட்டான்.

அவ்வளவுதான் சார். இப்ப சொல்லுங்க. நான் சொல்லத் தயாராத்தான் போனேன். கேக்காதவன்கிட்ட எப்படிச் சொல்றது?

ஒரு நிமிஷம் சார், போன் அடிக்குது. பையைக் கொஞ்சம் பிடிச்சுக்குறீங்களா? அவன்தான்.

சொல்லு நாயகம்… ம்… சீட்டு கிடைச்சுச்சு, ஜன்னல் பக்கம் இல்ல, பரவால்ல… ராஜபாளையம் தாண்டியாச்சு… ம், நல்லாருந்துச்சு. பாயசம்தான் கொஞ்சம் கூடிப்போச்சு… மாப்பிள்ளை நல்ல பையனாத் தெரியுறாரு… என்னது? சத்தமா சொல்லு, பஸ்ஸு இரைச்சல்…

…

இல்லையே. சொல்றதுக்கு என்ன இருக்கு? சும்மா கல்யாணத்துக்குத்தான் வந்தேன்… இல்ல, ஒண்ணுமில்ல… ம்… ம்… சரி. வைக்கிறேன்.

குடுங்க சார் பையை. தேங்க்ஸ்.

என்ன அப்படிப் பாக்குறீங்க? பேசும்போது கையை வேற காட்டுனீங்க, சொல்லு சொல்லுன்னு. அவன் என்ன கேட்டான்னு உங்களுக்குத் தெரியுமா? "வந்ததுல இருந்து உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே இருந்தேன், எங்கிட்ட ஏதாவது சொல்லணும்னு வந்தியால?" அப்படீன்னு கேக்குறான்.

பஸ்ஸுல வச்சுச் சொல்ற விஷயமா சார் அது? பக்கத்துல ஆளு இருக்கீங்க. கல்யாண வீட்டுல இருந்து பேசுறான், சுத்தி ஜனம் நிக்கும். கேக்குறதுக்கு ஒரு நேரம் காலம் வேண்டாமா? பக்கத்துல உக்காந்திருந்தப்ப மூணு மணி நேரம் கேக்கலை.

அவன் வைக்கலை, தெரியுமா. நான் வைக்கிறேன்னு சொன்னப்புறமும் வைக்கலை. மூச்சு விடுறது கேட்டுச்சு. நான்தான் வச்சேன்.

மதுரை போய்ச் சேந்ததும் எப்படியும் போன் பண்ணிக் கேப்பான், சேந்தியான்னு. அவன் பழக்கம் அது. அப்பப் பாத்துக்குவோம். அவன் கேக்காம இருக்க மாட்டான். இவ்வளவு நாள் கழிச்சு இன்னிக்கே கேட்டவன், இன்னொரு தடவை கேக்க மாட்டானா?

இந்தா ஸ்ரீவில்லிபுத்தூர் வந்துருச்சு. நீங்க இறங்கணும்ல? எந்திரிங்க, கூட்டம் ஏறிட்டா இறங்க விட மாட்டாங்க. ஒரு மணி நேரமாப் பேசிக்கிட்டு வந்திருக்கோம், உங்க பேரு என்னன்னுகூட எனக்குத் தெரியலை பாருங்க.

நீங்களும் சொல்லலை.